சோலைக்கிளியைக் காண்பது எப்படி: மலைக்காட்டின் கீழடுக்கில் வாழும் ஒரு நீலப் பறவையைத் தேடுவோருக்கான வழிகாட்டி

மேற்குத் தொடர்ச்சி மலையின் உயரமான பகுதிகளில், புல்வெளிகளுக்கு இடையே, மலைமடிப்புகளிலும் ஓடைக்கரைகளிலும் குட்டையான மரங்கள் நெருக்கமாக நிற்கும் காட்டைச் சோலை என்கிறோம். ஆங்கிலத்தில் அக்காட்டுக்கு வழங்கும் பெயரும் நம்முடைய இந்தச் சொல்லிலிருந்தே சென்றது. அந்தக் காட்டின் தரையை ஒட்டி, உதிர்ந்த இலைகளுக்கும் குறிஞ்சிப் புதர்களுக்கும் நடுவே, சிட்டுக்குருவியின் அளவே உள்ள ஒரு கருநீலப் பறவை நீண்ட கால்களால் தத்தித் தத்திப் பூச்சி தேடிக்கொண்டிருக்கும். அதுதான் சோலைக்கிளி. பெயரைக் கேட்டதும் பச்சைக்கிளியை நினைத்துவிட வேண்டாம். மலையாளத்தில் 'கிளி' என்பது சிறு பறவைகள் பலவற்றுக்கும் பொதுவாக வழங்கும் சொல், அவ்வழக்கிலிருந்து வந்த பெயர் இது. உலகில் வேறெங்கும் காணக்கிடைக்காத இப்பறவை, தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் கர்நாடகத்திலும் உள்ள சில மலைமுகடுகளில் மட்டுமே வாழ்கிறது.

சோலைக்கிளியைத் தேடிச் சென்று காணாமல் திரும்புகிறவர்கள் பலர். பறவை அரிதாகிவிட்டது என்று அவர்கள் நினைக்கிறார்கள். ஆனால் பெரும்பாலான நேரங்களில் அது அவர்களுக்குப் பத்தடி தொலைவிலேயே இருந்திருக்கும் என்பது என் கணிப்பு. நடந்து கொண்டே பறவை பார்க்கும் பழக்கம் நீர்நிலைக்கும் திறந்தவெளிக்கும் ஏற்றது. கீழடுக்குப் பறவைக்கு அது சற்றும் உதவாது. இந்தப் பறவையைக் காண வேண்டுமானால் ஓரிடத்தில் அமர்ந்து, காதைக் கொடுத்து, அதுவாக வெளியே வரும்வரை காத்திருக்க வேண்டும். கீழே சொல்லப்போகும் எல்லாமே அந்தக் காத்திருப்பை எங்கே, எப்போது, எப்படிச் செய்வது என்பதைப் பற்றியவைதான்.

எந்த மலையில் எந்தச் சோலைக்கிளி

கிளம்புவதற்கு முன் நீங்கள் ஏறப்போகும் மலை பாலக்காட்டுக் கணவாய்க்கு வடக்கே உள்ளதா, தெற்கே உள்ளதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். சுமார் 30 கி.மீ. அகலமுள்ள அந்தக் கணவாய் நமக்கு ஒரு சாலைப் பயணம். குளிர்ந்த மலைக்காட்டை விட்டு இறங்காத இந்தச் சிறு பறவைக்கோ அது கடக்க முடியாத கடல். இரு பக்கத்துப் பறவைகளும் மிக நெடுங்காலமாகப் பிரிந்தே வாழ்ந்ததால் வெவ்வேறு இனங்களாகிவிட்டன. வடக்கே நீலகிரியிலும், கர்நாடகத்தின் பாபாபுதன் மலை போன்ற இடங்களிலும் இருப்பது நீலகிரிச் சோலைக்கிளி. தெற்கே ஆனைமலை, பழனிமலை, மூணாறு ஆகிய பகுதிகளில் இருப்பது வெண்வயிற்றுச் சோலைக்கிளி. இன்னும் தெற்கே செங்கோட்டைக் கணவாயைத் தாண்டி, அகத்தியர் மலைப் பகுதியில் வாழ்வதை 2017-ஆம் ஆண்டில் தனி இனமாகப் பிரித்து, அசம்புச் சோலைக்கிளி என்று அழைக்கத் தொடங்கினர். இப்பறவைகளுக்கென 'சோலிகோலா' என்ற தனிப் பேரினம் உருவாக்கப்பட்டதும் அதே ஆண்டில்தான். சோலையில் குடியிருப்பது என்பது அதன் பொருள். அதுவரை இமயத்திலும் தென்கிழக்கு ஆசியாவிலும் வாழும் வேறு பறவைகளோடு இவற்றைச் சேர்த்து வைத்திருந்தார்கள்.

இது வெறும் வகைப்பாட்டுச் செய்தியன்று. ஊட்டியில் நின்றுகொண்டு வெண்வயிற்றுச் சோலைக்கிளியைப் பார்த்ததாகவோ, கொடைக்கானலில் நீலகிரிச் சோலைக்கிளியைப் பார்த்ததாகவோ யாராவது எழுதினால், பழைய பெயரையோ தவறான படத்தையோ கொண்டு முடிவு செய்திருக்கிறார்கள் என்று பொருள். இடமே இனத்தைச் சொல்லிவிடும் பறவைகள் குறைவு. இந்த வசதியைப் பயன்படுத்திக்கொள்ளுங்கள்.

உயரத்தையும் கவனிக்க வேண்டும். 1,000 மீட்டருக்குக் கீழே இவற்றைத் தேடுவது பெரும்பாலும் வீண். 1,500 மீட்டருக்கு மேலுள்ள சோலைகளே நம்பத்தக்கவை. ஊட்டியை அடுத்த கெய்ர்ன் ஹில், தொட்டபெட்டா, கோத்தகிரியின் லாங்வுட் சோலை, கொடைக்கானலின் பாம்பே சோலை ஆகியவை பறவை பார்ப்போர் நெடுங்காலமாகச் சென்றுவரும் இடங்கள். இவற்றில் பல காப்புக்காட்டுக்குள் வருவதால், வனத்துறை அனுமதித்த பாதையில், அனுமதித்த நேரத்தில் மட்டுமே செல்ல வேண்டும். அனுமதி கிடைக்காவிட்டாலும் மனம் தளர வேண்டியதில்லை. சோலையின் ஓரமாகச் செல்லும் பொதுச் சாலையின் விளிம்பிலேயே இப்பறவையை நன்றாகப் பார்க்க முடியும். காட்டுக்குள் புகுந்து தேடுவதைவிட அதுவே மேலான வழியும்கூட.

காலமும் நேரமும்

மார்ச் முதல் மே வரையிலான மாதங்களே ஏற்றவை. தென்மேற்குப் பருவமழை வலுக்கும் முன் இவை கூடுகட்டத் தொடங்குவதால், அந்த மாதங்களில்தான் ஆண் பறவை ஓயாமல் பாடும். மழை தொடங்கிய பின் பறவை அங்கேயே இருந்தாலும், இலைகளில் சொட்டும் நீரின் ஒலியிலும் மூடுபனியிலும் அதைக் கண்டுபிடிப்பது கடினம். அட்டைத் தொல்லையும் சேர்ந்துகொள்ளும். குளிர்காலத்தில் குரல் குறைந்துவிடும். அப்போது காண முடியாது என்பதில்லை, காத்திருப்பு நீளும், அவ்வளவுதான்.

நேரத்தைப் பொறுத்தவரை ஒரே பரிந்துரைதான்: அரையிருட்டு. சோலைக்கிளி மற்றப் பறவைகள் பல விழிக்கும் முன்பே பாடத் தொடங்கிவிடும். மாலையில் மற்றவை அடங்கிய பிறகும் தரையில் இரை தேடிக்கொண்டிருக்கும். ஏப்ரல் மாதத்தில் இம்மலைகளில் ஆறு மணியை ஒட்டிச் சூரியன் உதிக்கும் என்பதால், ஐந்தரைக்கெல்லாம் இடத்தில் அமர்ந்துவிடுவது நல்லது. விடிந்த பின் முதல் ஒரு மணி நேரம் பொன்னானது. எட்டு மணிக்கு மேல், வாகனங்களும் நடைப்பயிற்சி செய்வோரும் வரத் தொடங்கியதும், பறவை புதருக்குள் நகர்ந்துவிடும். மாலையில் ஐந்தரைக்கு மேல் மறுபடியும் வாய்ப்பு உண்டு.

இருட்டில் போய் அமர்வதற்கு முன் ஓர் எச்சரிக்கை. நீலகிரியிலும் கொடைக்கானலிலும் காட்டுமாடுகள் ஊருக்குள்ளேயே நடமாடுகின்றன. தனித்து நிற்கும் கிழட்டுக் காட்டுமாட்டை இருட்டில் எதிர்கொள்வது உயிருக்கே ஆபத்து. ஆகையால் தனியாகப் போகாதீர்கள். அமரும் இடத்தை முதல்நாள் பகலிலேயே பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். பின்வாங்க வழியில்லாத பள்ளத்தில் அமராதீர்கள். யானை நடமாட்டமுள்ள பகுதி என்று உள்ளூர்க்காரர் சொன்னால் அந்த இடத்தைக் கைவிட்டு வேறு இடம் பாருங்கள்.

அமரும் இடத்தைத் தேர்ந்தெடுத்தல்

இதுதான் முழுத் தேடலிலும் முக்கியமான முடிவு. சோலைக்கிளி அடர்ந்த புதரை விட்டு அதிக தூரம் போகாது; ஆனால் அந்தப் புதரை ஒட்டித் திறந்த தரை சிறிது இருந்தால், அரையிருட்டில் அங்கு வந்து மேயும். ஆகவே நீங்கள் தேட வேண்டியது இரண்டும் சந்திக்கும் விளிம்பு. ஒரு பக்கம் மண்மேடும் மறுபக்கம் சோலையுமாகச் செல்லும் ஒற்றையடிப் பாதை, ஓடை வளையும் இடத்தில் ஈர மண் தெரியும் சிறு திட்டு, சாலையோரக் கால்வாயின் இலைமக்கு நிறைந்த பகுதி, காட்டை ஒட்டிய விருந்தினர் விடுதியின் பின்புறம் ஆகியவை நல்ல இடங்கள். ஈரமும் இலைமக்கும் இருந்தால் மண்ணில் பூச்சிகளும் புழுக்களும் இருக்கும். அவை இருந்தால் பறவை வரும்.

மேலே நிற்கும் மரங்களையும் பாருங்கள். நாவல் இனங்களும், சண்பகமும், சிவந்து பூக்கும் காட்டுப் பூவரசும் கலந்து நின்று, அவற்றின் கிளைகளில் பாசி படர்ந்திருந்தால் அது உண்மையான சோலை. சீகை (வாட்டில்) மரத்தோப்பும் கற்பூர (யூகலிப்டஸ்) மரத்தோப்பும் தொலைவிலிருந்து பார்க்கையில் காடு போலவே தோன்றும். ஆனால் அவை மனிதர் நட்ட அயல் மரங்கள். அவற்றின் கீழே சோலைக்குரிய புதரடுக்கு உருவாவதில்லை என்பதால், அங்கே மணிக்கணக்கில் காத்திருப்பது பயன்தராது. ஒரு மலைச்சரிவு முழுவதும் பச்சையாக இருப்பதைக் கண்டு காடு செழித்திருக்கிறது என்று மகிழ்கிறவர்கள், அந்தப் பச்சையில் எவ்வளவு சோலை, எவ்வளவு சீகை என்று பிரித்துப் பார்க்கக் கற்றுக்கொண்டால், இந்தப் பறவையின் உலகம் எவ்வளவு சிறியது என்பது தானாகப் புரியும்.

இடம் முடிவான பின், ஒரு மரத்திலோ பாறையிலோ முதுகு சாய்த்து, விளிம்பிலிருந்து எட்டு முதல் பத்து மீட்டர் தள்ளித் தாழ்வாக அமருங்கள். நிற்கும் மனிதனின் உருவம் கீழடுக்குப் பறவைக்கு அச்சம் தரும். அமர்ந்திருக்கும் உருவம் அவ்வளவாகத் தராது. உடை மண்ணிறத்திலோ மங்கிய பச்சையிலோ இருக்கட்டும். நடக்கும்போது சரசரக்கும் மழைச்சட்டையைத் தவிர்த்துவிடுங்கள். குறைந்தது நாற்பது நிமிடம் அசையாமல் இருக்கப் போகிறீர்கள் என்பதால், கால்களை எப்படி நீட்டுவது என்பது வரை முதலிலேயே முடிவு செய்துகொள்வது நல்லது.

காதால் தேடுதல்

சோலைக்கிளியின் பாட்டு மெல்லிய, உயர்ந்த சீழ்க்கைகளால் ஆனது. இடையிடையே உரசுவது போன்ற கரகரத்த ஒலிகள் கலந்து வரும். சோலையில் உரத்துச் சீழ்க்கையடிப்பது பெரும்பாலும் சீகாரப் பூங்குருவி. மனிதன் ஒருவன் சோம்பலாகச் சீட்டியடித்துக்கொண்டு போவதைப் போன்ற அதன் பாட்டோடு ஒப்பிட்டால் சோலைக்கிளியின் பாட்டு நுண்ணியது, விரைவானது, சிக்கலானது. பலர் கூட்டமாகச் சிரிப்பது போன்ற ஒலி வந்தால் அது சிரிப்பான் பறவைகள். இந்த இரண்டையும் முதலில் காதிலிருந்து கழித்துவிடக் கற்றுக்கொண்டால் எஞ்சியதைக் கேட்பது எளிதாகும். கிளம்புமுன் வீட்டிலேயே ஸீனோ-கான்டோ போன்ற ஒலித்தொகுப்புகளில் இப்பறவையின் பதிவுகளைப் பலமுறை கேட்டுப் பழகுங்கள். ஒரு மலைத்தொகுதியின் பறவைகள் பாடுவதைப் போலவே மற்றொரு மலைத்தொகுதியின் பறவைகள் பாடுவதில்லை என்று ஆய்வாளர்கள் கண்டிருக்கிறார்கள். ஆதலால் நீங்கள் செல்லும் மலையில் பதிவு செய்யப்பட்டதையே தேர்ந்தெடுத்துக் கேட்க வேண்டும்.

குரல் கேட்டதும் எழுந்து ஓடாதீர்கள். இருகாதுகளுக்கும் பின்னால் உள்ளங்கைகளைக் குவித்து, தலையை மெல்ல இடமும் வலமும் திருப்பி, ஒலி மிகத் தெளிவாகக் கேட்கும் திசையை ஒரு மரத்தையோ பாறையையோ அடையாளமாகக் கொண்டு குறித்துக்கொள்ளுங்கள். பிறகு பறவை பாடிக்கொண்டிருக்கும்போதே பக்கவாட்டில் ஐந்தாறு அடி நகர்ந்து மறுபடியும் திசையைக் குறியுங்கள். இரண்டு கோடுகளும் வெட்டும் இடத்தில் பறவை இருக்கும். அடர்ந்த புதரில் ஒலி எதிரொலித்து ஏமாற்றும் என்பதால் இந்த எளிய முறை மிகவும் உதவுகிறது. பாடும் பறவை உச்சிக் கிளையில் இருக்காது. புதருக்குள் தாழ்ந்த கொம்பில்தான் பார்வையைச் செலுத்த வேண்டும்.

பாடாத வேளையில் சருகின் ஒலியைக் கேளுங்கள். கரும் பூங்குருவி இலைகளை வீசியெறிந்து ஆரவாரமாகக் கிளறும். சிரிப்பான்கள் கூட்டமாக வந்து ஒரே சமயத்தில் பல இடங்களில் சருகை அசைக்கும். ஒரேயிடத்திலிருந்து இரண்டு மூன்று தத்தல்களின் மெல்லிய ஒலி, பிறகு நீண்ட அமைதி, மறுபடி இரண்டு தத்தல் என்று வந்தால், அங்கே கண்ணை வைத்துக் காத்திருங்கள். சோலைக்கிளி சிறிது தத்தி, நிமிர்ந்து நின்று, சுற்றிலும் பார்த்துவிட்டுத்தான் அடுத்த அடி வைக்கும்.

கைப்பேசியில் குரலைக் கேட்டுப் பறவையின் பெயரைச் சொல்லும் மெர்லின் போன்ற செயலி இருந்தால், அது காட்டும் பெயரைக் குறிப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு, கண்ணாலோ தெளிவான பாட்டாலோ உறுதி செய்த பிறகே பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கண்ணில் பட்டதும் எதைப் பார்ப்பது

அரையிருட்டில் நீலம் நீலமாகத் தெரியாது, கறுப்பாகவே தெரியும். அதனால் முதுகின் நிறத்தில் நேரத்தைச் செலவிடாமல், முதலில் வயிற்றையும் விலாவையும் பாருங்கள். நீலகிரிச் சோலைக்கிளியின் விலாவும் வால் அடிப்பகுதியும் செம்பழுப்பாக இருக்கும். வெண்வயிற்றுச் சோலைக்கிளிக்கு அந்தச் செம்பழுப்பு இல்லை, விலா சாம்பல் நீலமாக இருந்து நடுவயிறு வெண்மையாகத் தெரியும். அடுத்ததாக முகம்: அலகுக்கும் கண்ணுக்கும் இடையே கறுப்பும், அதற்கு மேலே நெற்றியை ஒட்டி வெளிறிய சிறு கோடும் உண்டு. மூன்றாவதாக உடலமைப்பு: உருண்ட உடல், நீண்ட கால், சற்றே குட்டையான வால், நிமிர்ந்த நிலை. ஆணையும் பெண்ணையும் களத்தில் பார்த்துப் பிரிப்பது எளிதன்று. ஆகவே பாடுவதைப் பார்த்தால் அதை அப்படியே எழுதிக்கொண்டு, மற்றவற்றில் பால் குறிப்பிடாமல் விட்டுவிடுவதே நேர்மை. உடலெங்கும் புள்ளிகளோடு பழுப்பாகத் தெரிந்தால் அது இளம்பறவை.

குழப்பம் தரக்கூடியவை சில உண்டு. நீலகிரி ஈப்பிடிப்பானும் நீலநிறப் பறவைதான். ஆனால் அது திறந்த கிளையில் அமர்ந்து, பறந்து சென்று பூச்சியைப் பிடித்துத் திரும்பும். தரையில் தத்தித் திரியும் பழக்கம் அதற்கில்லை. குளிர்காலத்தில் இமயத்திலிருந்து வலசை வரும் நீலச் சிறுபறவை ஒன்று உண்டு. இதுவும் சோலையின் கீழடுக்கிலேயே இரை தேடும். அதன் ஆணுக்கு மேலே நீலமும், நீண்ட வெண்புருவமும், மார்பு முழுவதும் ஆரஞ்சு நிறமும் இருப்பதால், மார்பைப் பார்த்ததும் ஐயம் தீர்ந்துவிடும். சோலைக்கிளியின் மார்பு நீலமாகவே இருக்கும். ஏப்ரல் இறுதிக்குள் அந்த வலசைப் பறவை திரும்பிவிடும் என்பதால் மே மாதத்தில் இந்தக் குழப்பமே எழாது.

இருநோக்கியைப் பற்றி ஒரு சொல். அதிக உருப்பெருக்கம் நல்லது என்று நினைத்து 10×42 வாங்கி வருகிறவர்கள் சோலையில் ஏமாற்றமடைகிறார்கள். 8×42 இருநோக்கியில் கண்ணுக்கு வந்து சேரும் ஒளிக்கற்றையின் விட்டம் 42-ஐ 8-ஆல் வகுக்கக் கிடைக்கும் 5.25 மி.மீ.; 10×42-இல் அது 4.2 மி.மீ.தான். இருட்டிய காட்டில் இந்த வேறுபாடு பறவையின் விலா நிறம் தெரிவதற்கும் தெரியாமல் போவதற்கும் உள்ள வேறுபாடாகிவிடும். மேலும், இரண்டு மூன்று மீட்டர் அருகிலும் குவியக்கூடியதாக இருக்க வேண்டும். அசையாமல் அமர்ந்திருப்பவரின் காலடிக்கே இப்பறவை வந்து நிற்பதுண்டு.

செய்யக் கூடாதவை

பதிவு செய்த பாட்டை ஒலிபெருக்கியில் ஒலித்துப் பறவையை வெளியே வரவழைக்காதீர்கள். இதை நான் கெஞ்சிக் கேட்டுக்கொள்கிறேன். தன் எல்லைக்குள் வேறோர் ஆண் புகுந்துவிட்டது என்று எண்ணித்தான் அது வருகிறது. இரை தேடவும் குஞ்சைக் காக்கவும் வேண்டிய நேரத்தை இல்லாத எதிரியைத் தேடுவதில் இழக்கிறது. ஊருக்கு அருகிலுள்ள சிறிய சோலைகளில் இருப்பவை சில இணைகளே; வாரந்தோறும் வருகிற ஒவ்வொருவரும் ஒருமுறை ஒலித்தால் அந்தச் சில பறவைகளே மீண்டும் மீண்டும் துன்புறும். நீலகிரிச் சோலைக்கிளி அழியும் ஆபத்திலுள்ள இனமாகவும், வெண்வயிற்றுச் சோலைக்கிளி அழிய வாய்ப்புள்ள இனமாகவும் உலகச் செம்பட்டியலில் இடம்பெற்றிருக்கின்றன. ஒரு நல்ல படத்துக்காக அவற்றைத் தொல்லைப்படுத்த நமக்கு உரிமையில்லை.

கூட்டைத் தேடாதீர்கள். மரப்பொந்திலோ மண்மேட்டின் குழியிலோ பாசியும் வேர்நாரும் வைத்துக் கட்டிய கூட்டில் பெரும்பாலும் இரண்டு முட்டைகளே இருக்கும். பாதையோர மண்மேட்டை ஒட்டி நீங்கள் அமர்ந்திருக்கும்போது, வாயில் பூச்சியோடு ஒரு பறவை அருகில் வந்து, உள்ளே போகாமல் தயங்கித் தயங்கி நின்றால், கூட்டின் அருகில் அமர்ந்திருக்கிறீர்கள் என்று பொருள். உடனே எழுந்து, வந்த வழியே மெல்ல விலகிவிட வேண்டும். அந்த இடத்தைப் பிறருக்குச் சொல்லவும் கூடாது. படமெடுப்போர் பளிச்சொளியைத் தவிர்த்து, கேமராவின் நுண்ணுணர்வு அளவை (ஐ.எஸ்.ஓ.) கூட்டிக்கொண்டு எடுக்கலாம். படத்தில் மணல்மணலாகத் தெரிந்தாலும் அது இந்தக் காட்டின் உண்மையான ஒளி.

குறிப்பேட்டில் எழுத வேண்டியவை

பார்த்த நாள், நேரம், உயரம், கணவாயின் எந்தப் பக்கம் என்பவற்றோடு, சோலையின் விளிம்பிலிருந்து எவ்வளவு தொலைவு, அருகில் நின்ற மரங்கள் எவை, புதரில் செஸ்ட்ரம் போன்ற அயல் செடிகள் புகுந்திருந்தனவா என்பதையும் எழுதுங்கள். பறவை பார்ப்போர் தம் பட்டியல்களைப் பதியும் இ-பேர்ட் இணையதளத்தில் பதிவிடும்போது, பார்த்த, கேட்ட எல்லாப் பறவைகளையும் சேர்த்து நிறைவான பட்டியலாகக் கொடுத்தால், சோலைக்கிளி இல்லாத நாளின் பட்டியலும் ஆய்வுக்குப் பயன்படும். கைப்பேசியிலேயே ஒரு நிமிடப் பாட்டைப் பதிவு செய்ய முடிந்தால், இயன்றவரை சுருக்கப்படாத வடிவில் சேமித்து, தொடக்கத்திலோ முடிவிலோ இடத்தையும் நேரத்தையும் உங்கள் குரலில் சொல்லி வையுங்கள். மலைக்கு மலை பாட்டு மாறும் பறவையாதலால், அதிகம் பேர் செல்லாத ஒரு சோலையில் எடுத்த கரகரத்த பதிவுக்கும் மதிப்புண்டு.

நாற்பது நிமிடம் கடந்தும் பறவை வெளியே வராமல் குரல் மட்டும் கேட்டிருந்தால், 'குரல் மட்டும்' என்று எழுதிவிட்டு எழுந்துவிடுங்கள். இடத்தை மாற்றி அதை விரட்ட வேண்டாம். தன் எல்லையை விட்டு அதிகம் நகராத பறவை இது. மறுநாள் அதே நேரத்தில், அதே மரத்தில் முதுகு சாய்த்து அமர்ந்தால், அது நேற்றுப் பாடிய புதரிலிருந்தே பாடத் தொடங்குவதைக் கேட்கலாம்.